முப்பத்தாறு பிறை

தள்ளிப் படு. கட்டில் முழுக்க நீயே குறுக்கால படுத்துக்கிட்டா நான் எங்க உட்கார்றது? உங்க பாட்டி இருந்தா இப்படிப் படுப்பியா?

தெரியும், தெரியும். பாட்டி கதைதான் வேணும், தாத்தா கதை வேணாம். மூணு நாளா இதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கேன். அவ அவளோட அக்கா வீட்டுக்குப் போயி உட்கார்ந்துக்கிட்டா. இன்னும் நாலு நாள் ஆகுமாம். அக்காளும் தங்கச்சியும் சேர்ந்துட்டா அவங்களுக்கு நம்ம ஞாபகம் எங்க வரப்போகுது? அதுவரைக்கும் நீ கதை இல்லாமத் தூங்குவியா? தூங்க மாட்டே. அதனால பேசாம நான் சொல்றதைக் கேளு. உங்க பாட்டி சொல்ற கதையில பாதி நான் சொல்லிக் குடுத்ததுதான். கேட்டா ஒத்துக்க மாட்டா.

'ம்' கொட்டணும். 'ம்' நின்னா கதையும் நின்னுடும், ஆமா.

"ம்."

ஆங், அப்படி. ஒரு ஊர்ல ஒரு பொறாமைக்காரி இருந்தா.

ராஜா வீட்டுப் பொண்ணு இல்ல, மந்திரி வீட்டுப் பொண்ணு இல்ல. சாதாரண பொம்பளை. பேரு குருவம்மா. வயசு எழுபத்தெட்டு. ஏன் சிரிக்கிறே? எழுபத்தெட்டு வயசுல பொறாமை வராதா? பல்லு போகும், முடி போகும், முட்டி போகும். பொறாமை மட்டும் பொறந்த நாள்ல எப்படி இருந்துச்சோ அப்படியே கிண்ணுன்னு இருக்கும். என்னைக் கேளு.

அவளுக்குப் பொறாமை வந்துச்சுன்னா வயிறு கபகபன்னு எரியும். உடனே வீட்டுக்கு ஓடுவா, பானையில இருந்து ஒரு சொம்பு மோர் மொண்டு, மடக் மடக் மடக்குன்னு குடிப்பா. அப்புறம்தான் கொஞ்சம் அடங்கும். அவ வீட்டு மாடு கறக்குற பாலுல முக்கால்வாசி அவ பொறாமைக்கே சரியாப் போச்சு.

"யாரு மேல பொறாமை?"

சொல்றேன், சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்த ஊரைப் பத்திச் சொல்லணும். அந்த ஊர்ல எல்லாருக்கும் வயசாகணும்னு ஆசை. முதல் நரை முடி வந்துச்சுன்னா தெருவுக்கே வெல்லம் குடுப்பாங்க. காலையில எந்திரிச்சதும் கண்ணாடியில போயி, இன்னைக்கு ஒரு சுருக்கமாச்சும் விழுந்துச்சான்னு பார்ப்பாங்க. 'நீ இன்னும் சின்னப் பொண்ணாட்டமே இருக்கே'ன்னு யாராச்சும் சொல்லிட்டா சண்டைதான். ஊர்த் தலைவரு வைரவனுக்கு அம்பது வயசு. அவரையே, 'பய நல்ல பய, இன்னும் விவரம் பத்தாது'ன்னுதான் சொல்லுவாங்க.

வயசை அவங்க வருஷத்துல சொல்றதில்ல. அமாவாசை கழிஞ்சு மூணாம் நாள் சாயங்காலம் மேற்குப் பக்கம் நகத்தைக் கடிச்சுப் போட்டாப்புல மெல்லிசா ஒரு பிறை தெரியும், பார்த்திருக்கியா? மூணாம் பிறை. அதைக் கண்ணால பார்த்தா ஒரு முடிச்சு. பிள்ளை பொறந்ததுமே ஆளுக்கு ஒரு நூல் கயிறு எடுத்து வச்சு, பிறை பார்க்கப் பார்க்க ஒரு ஒரு முடிச்சாப் போட்டுக்கிட்டே வருவாங்க. யாரு கயித்துல முடிச்சு ஜாஸ்தியோ அவங்கதான் ஊருக்குப் பெரியவங்க.

அப்போ ஊருக்குப் பெரியவ யாருன்னா, நாச்சியா. குருவம்மாவுக்கு எதிர்த்த வீடு. அவ கயித்துல ஆயிரம் முடிச்சுத் தாண்டிடுச்சு. குருவம்மாவுக்கும் அவளுக்கும் எத்தனை முடிச்சு வித்தியாசம் தெரியுமா? முப்பத்தாறு. வெறும் முப்பத்தாறே பிறை. நம்ம கணக்குக்கு மூணு வருஷம்னு வச்சுக்கோ.

இந்த மூணு வருஷத்துக்காக ஊரே நாச்சியாவைப் 'பெரியாத்தா'ங்கும், குருவம்மாவைச் 'சின்னாத்தா'ங்கும். எழுபத்தெட்டு வயசுல சின்னாத்தா! எரியுமா எரியாதா?

"ம்."

எரியும். பந்தி போட்டா முதல் இலை பெரியாத்தாவுக்கு. முதல் மாம்பழம் பெரியாத்தாவுக்கு. மழை வருமா வராதான்னு பெரியாத்தா முட்டியைத்தான் கேப்பாங்க. அதே வலி குருவம்மா முட்டியிலயும் இருந்துச்சு, அதை ஒரு ஆள் கேக்கலை. போதாக்குறைக்கு நாச்சியாவுக்குப் பாம்புக் காது. நாலு வீடு தள்ளி ஒருத்தி முணுமுணுத்தாலும் இங்க இருந்து பதில் சொல்லுவா.

இந்தப் பொறாமை இன்னைக்கு நேத்து வந்ததில்ல. குருவம்மாவுக்கு அஞ்சு வயசு, நாச்சியாவுக்கு எட்டு வயசு. வேப்ப மரத்துல ஒரு ஊஞ்சல் கட்டியிருந்தாங்க. நாச்சியா கிரீச் கிரீச்னு ஆடிக்கிட்டே இருக்கா, இறங்கலை. அப்போ குருவம்மா, "இறங்கு, நான் ஆடணும்"ங்குறா. நாச்சியா, "அக்கான்னு கூப்பிடு, இறங்குறேன்"ங்குறா. குருவம்மா கூப்பிடலை. பொழுது சாயுற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு அங்கேயே நின்னா. கடைசி வரைக்கும் அவ அக்கான்னு சொல்லலை, இவ இறங்கலை. அன்னைக்கு மனசுக்குள்ள சபதம் போட்டா, செத்தாலும் இவளை அக்கான்னு கூப்பிட மாட்டேன்னு. எழுபத்து மூணு வருஷம் ஆச்சு. இன்னும் கூப்பிடலை. 'ஏய்', 'இந்தா', 'எதிர்த்த வீட்டுக்காரி', இவ்வளவுதான்.

இப்போதான் கதையே வருது. குருவம்மா வீட்டுல ஒரு பெண் குழந்தை பொறந்துச்சு. பேரனோட பொண்ணு, அவளுக்குக் கொள்ளுப்பேத்தி. அந்த வீட்டுல மூணு தலைமுறையா ஒரே பையனாப் பொறந்துச்சு. முதல் பொண்ணு இதுதான். குருவம்மா அதைக் கையில வாங்கிப் பார்த்தா. குருவம்மாவைப் பெத்த அம்மா ஜாடை. அதே மூக்கு, அதே முழி. அந்த அம்மா பேரு செவ்வந்தி. குருவம்மாவுக்குப் பத்து வயசு இருக்கும்போதே போயிட்டா. அப்போ குருவம்மா நினைச்சா, இந்தப் பிள்ளைக்குச் செவ்வந்தின்னு பேரு வைக்கணும், என் வாயால வைக்கணும்.

ஆனா அந்த ஊர் வழக்கம் என்னன்னா, முப்பதாம் நாள் ஊருக்குப் பெரியவங்கதான் மணையில உட்காரணும். மணைன்னா பலகை. பிள்ளையை மடியில வாங்கிக் காதுல மூணு தடவை பேரைச் சொல்லணும். எந்த வாய் முதல்ல பேர் சொல்லுதோ அந்த வாயோட ஆயுசு பிள்ளைக்கு வரும்னு ஒரு நம்பிக்கை. என்ன பேருங்குறதும் பெரியவங்க இஷ்டம்தான், வீட்டுக்காரங்க வாயைத் திறக்கக் கூடாது. மூணு தடவை சொன்னது சொன்னதுதான். அப்புறம் அதை மாத்தவே முடியாது.

நாச்சியா அதுக்கு முன்னாடி மூணு பிள்ளைக்குப் பேர் வச்சா. மூணும் பொண்ணு. மூணுக்கும் என்ன பேரு வச்சா சொல்லு பார்ப்போம்?

"நாச்சியா."

கெட்டிக்காரி. மூணும் நாச்சியா. குருவம்மாவுக்குத் தூக்கம் போச்சு. தன் வீட்டுக்குள்ளயே தினம் 'நாச்சியா, நாச்சியா'ன்னு கூப்பிட்டுச் சோறு ஊட்டுறதை நினைச்சுப் பார்த்தா, மடக் மடக் மடக்.

பேரன் சொன்னான், "ஆத்தா, ஊருக்குத் தெரியாம நீ போயி அவங்களை ஒரு வார்த்தை கேட்டுடு. 'அக்கா, செவ்வந்தின்னு வைங்கக்கா'ன்னு சொல்லு. வைக்க மாட்டாங்களா?"

"அக்காவா? என் நாக்கு அழுகிப் போகும்டா."

"அப்போ பிள்ளைக்கு நாச்சியாதான் பேரு."

"நான் உசிரோட இருக்கிற வரைக்கும் அது நடக்காது. அவளைவிட நான் பெரியவளாயிடுறேன், இருந்து பாரு."

எப்படி ஆவா? அதுக்குத்தான் மூணு வழி கண்டுபிடிச்சா.

முதல் வழி. குருவம்மா நேரா வைரவன்கிட்ட போனா. அவரு தொழுவத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தாரு. குருவம்மா காதுக்குப் பக்கத்துல போயி கிசுகிசுன்னு, "வைரவா, நாச்சியாவுக்கு நாலு வருஷமாக் கண்ணு தெரியலை. பிறையைப் பார்க்காமலே சும்மா முடிச்சுப் போட்டுக்கிட்டு வரா. நாலு வருஷத்து முடிச்சை அவுக்கச் சொல்லு"ங்குறா.

அவ சொல்லி முடிக்கலை, அங்க மூணு வீடு தள்ளி இருந்து, "ஏ குருவு, என் கண்ணுக்கு என்னடி கேடு? வந்துட்டேன் இரு"ன்னு குரல் வருது. பாம்புக் காதுன்னு சொன்னேன்ல? தடக் தடக்குன்னு குச்சியை ஊனிக்கிட்டு வந்து நின்னா.

வைரவன் பயந்துட்டாரு. ரெண்டு கிழவிக்கு நடுவுல மாட்டுனா யாருக்குத்தான் பயம் வராது? தூரத்துல ஒரு பனை மரம் நின்னுச்சு. "பெரியாத்தா, கோவிச்சுக்காதீங்க, அந்தப் பனை உச்சியில எத்தனை காக்கா உட்கார்ந்திருக்கு?"ன்னு கேட்டாரு.

நாச்சியா கையை நெத்திக்கு மேல வச்சுப் பார்த்தா. "நாலு. அதுல ஒண்ணு நொண்டி."

ஒரு பயலை ஓடிப் பார்த்துட்டு வரச் சொன்னாங்க. நாலுதான். ஒண்ணு நொண்டிதான். அதோட விட்டாளா நாச்சியா? "குருவு, உனக்குத் தெரியுதாடி?"ன்னா. குருவம்மா கண்ணைச் சுருக்குறா, விரிக்குறா. காக்கா எங்க, அவளுக்குப் பனை மரமே ரெண்டாத் தெரியுது. "தெரியுதே, நல்லாத் தெரியுதே"ன்னு சொல்லிக்கிட்டே வீட்டைப் பார்க்க நடந்தா. மடக் மடக் மடக்.

கேக்குறியா?

"ம்."

அப்புறம் ரெண்டாவது வழி. முப்பது நாளுக்கு நடுவுல ஒரு மூணாம் பிறை வந்துச்சு. குருவம்மா யோசிச்சா. பிறையைக் கண்ணால பார்த்தா ஒரு முடிச்சு. வானத்துல பார்த்தாத்தான் முடிச்சுன்னு யாரும் சொல்லலையே? வீடு வீடாப் போயி தாம்பாளம், அண்டா, உருளின்னு வாய் அகலமா இருக்கிற பாத்திரமா வாங்கிட்டு வந்தா. மொத்தம் முப்பத்தேழு. ஏரிக் கரையில வரிசையா அடுக்கி, சளக் சளக்னு விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தினா. இடுப்பு ஒடிஞ்சு போச்சு. பொழுது சாய்ஞ்சுச்சு, பிறை வந்துச்சு. ஒவ்வொரு பாத்திரத்துலயும் ஒவ்வொரு பிறை மினுக் மினுக்குன்னு நிக்குது.

ஒரு பாத்திரத்தைப் பார்ப்பா, ஒரு முடிச்சுப் போடுவா. அடுத்த பாத்திரம், அடுத்த முடிச்சு. ஊரே கூடிடுச்சு. வைரவன் தலையைச் சொறியுறாரு. "கண்ணால பார்த்தா முடிச்சுன்னுதானே பெரியவங்க சொல்லியிருக்காங்க? சின்னாத்தா கண்ணாலதானே பார்க்குது?"ன்னு அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. முப்பத்தேழாவது பாத்திரம், முப்பத்தேழாவது முடிச்சு. குருவம்மா நிமிர்ந்தா. இப்போ நாச்சியாவைவிட ஒரு பிறை ஜாஸ்தி. எழுபத்தெட்டு வருஷத்துல முதல் தடவையா வயித்துல எரிச்சலே இல்ல.

அப்போ தடக் தடக்குன்னு ஒரு குச்சிச் சத்தம். நாச்சியா வரா, கையில அவ கயிறு. முதல் தாம்பாளத்துல எட்டிப் பார்த்தா. "அட, அழகா இருக்கேடி"ன்னா. ஒரு முடிச்சுப் போட்டா. ரெண்டாவதுல எட்டிப் பார்த்தா, ஒரு முடிச்சு. இப்படியே மெதுவா, ஒண்ணு விடாம முப்பத்தேழையும் பார்த்து முப்பத்தேழு முடிச்சுப் போட்டா. போட்டுட்டு, "பாவம், நீ தனியாத் தண்ணி சுமந்தியேடி. சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல?"ங்குறா.

இப்போ எத்தனை பிறை வித்தியாசம்?

"முப்பத்தாறு."

அதே முப்பத்தாறு. குருவம்மா கோவத்துல ஒரு அண்டாவை எட்டி உதைச்சா. டம்னு ஒரு சத்தம். அண்டாவுக்கு ஒண்ணும் ஆகலை, இவ கட்டை விரல்தான் வீங்கிப் போச்சு. அன்னைக்கு ரெண்டு சொம்பு மோர். மறுநாள் காலையில வைரவன் வந்து, தண்ணியில தெரியுற பிறை செல்லாதுன்னு ரெண்டு பேரையும் முப்பத்தேழு முடிச்சு அவுக்க வச்சாரு. அதுக்கு ஒரு நாள் முழுக்க ஆச்சு.

நாள் ஓடிப் போச்சு. பொழுது விடிஞ்சா பேர் வைக்கணும். இருக்கிறது ஒரே ஒரு பகல். தொட்டில்ல பிள்ளை செவ்வந்தி மூக்கோட தூங்குது. குருவம்மா அதையே பார்த்துக்கிட்டு இருந்தா. பொறாமை முத்திப் போச்சுன்னா மனுசங்க என்ன செய்யுறோம்னு தெரியாமச் செய்வாங்க. அவளும் செஞ்சா. பாக்கு வெட்டுறதுக்குப் பாக்குவெட்டி வச்சிருப்பாங்கல்ல, அதை மடியில செருகிக்கிட்டு, நட்ட நடுப் பகல்ல எதிர்த்த வீட்டுக்குள்ள போனா. அதான் மூணாவது வழி.

உள்ள நாச்சியா பாயில படுத்து, கொர்ர்... கொர்ர்னு தூங்குறா. உறியில அவ கயிறு இருக்கு. தேங்காய் அளவு உருண்டை. குருவம்மா எக்கி எடுத்தா. நுனியில இருந்து தடவித் தடவி எண்ணுனா. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூச்சே விடலை. முப்பத்தேழு வந்துச்சு. அந்த இடத்துல பாக்குவெட்டியை வச்சா. ஒரு அழுத்து அழுத்துனாப் போதும், கறுக்குனு போயிடும். எங்க போச்சுன்னு யாருக்குத் தெரியப்போகுது?

அப்போ கொர்ர் நின்னுச்சு.

"முப்பத்தேழு சரியா எண்ணிட்டியா? முப்பத்தாறு அறுத்தா ரெண்டு பேருக்கும் சமமாப் போயிடும்டி. அதுல எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல."

நாச்சியா எந்திரிக்கக் கூட இல்ல, படுத்தபடியே பார்க்குறா.

"கத்தப் போறியா? ஊரைக் கூட்டப் போறியா?"ன்னு குருவம்மா கேட்டா.

"எதுக்குக் கத்தணும்? நீ அறு. நான் தூங்குறேன்னு வச்சுக்கோ. எனக்கும் அதான் வேணும்."

"உனக்கு என்னத்துக்கு வேணும்? முதல் இலை, முதல் பழம், மணை, எல்லாம் உனக்குத்தானே?"

நாச்சியா மெதுவா எந்திரிச்சு உட்கார்ந்தா. "குருவு, உன் மேல எனக்கு எம்புட்டுப் பொறாமைன்னு உனக்குத் தெரியாதுடி"ன்னா.

குருவம்மா திரும்பிப் பார்த்தா. "என் மேலயா?"

"உனக்கு மேல நான் இருக்கேன். உன்னை ஏ குருவு, வாடி போடின்னு கூப்பிட ஒரு ஆள் இருக்கு. எனக்கு மேல யாரு இருக்கா? போன வருஷம் வரைக்கும் கடைசித் தெரு ராக்காயி அக்கா இருந்துச்சு. என்னைப் பார்த்தா, 'ஏ கழுதை, சாப்பிட்டியா'ன்னு கேக்கும். அது போனதுல இருந்து என்னைக் கழுதைன்னு சொல்ல ஆளே இல்ல. ஊரே என்னைப் பார்த்துக் குனியுது. நான் யாரைப் பார்த்துக் குனிய? அக்கான்னு கூப்பிட்டு ஒரு வருஷம் ஆச்சுடி. அந்த வார்த்தையே எனக்கு மறந்துடும் போல இருக்கு. நீ அறுத்தா நீ எனக்குப் பெரியவ ஆயிடுவே. நான் உன்னை அக்கான்னு கூப்பிட்டுக்குவேன்ல?"

...

என்ன பார்க்கிறே? ஒண்ணுமில்ல.

ஒண்ணுமில்லாம இல்ல. பெரிய தாத்தா தை மாசம் போனாருல்ல, எங்க அண்ணன். அவரு ஒருத்தருதான் என்னை 'ஏலே'ன்னு கூப்பிடுவாரு. இப்ப எல்லாரும் 'வாங்க, உட்காருங்க'ங்குறாங்க. எனக்கு அது பிடிக்கலை. உங்க பாட்டி அக்கா வீட்டுக்குன்னு பெட்டியைத் தூக்கினப்போ எனக்குக் கபகபன்னுதான் இருந்துச்சு. சரி விடு. கதைக்கு வா.

"ம்."

அப்புறம் நாச்சியா கையைப் பிடிச்சுக்கிட்டு, "அறுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கட்டுமா?"ன்னு கேட்டா. கேட்டுட்டு, சின்னப் பிள்ளை மாதிரி, "குருவம்மாக்கா"ன்னு கூப்பிட்டா.

எழுபத்து மூணு வருஷமா குருவம்மா ஆசைப்பட்டது அதுக்குத்தானே? ஆனா காதுல விழுந்ததும் அவளுக்கு வயிறு எரியலை, குளிர்ந்து போச்சு. வீட்டுக் கூரையை யாரோ பிரிச்சு எடுத்தாப்புல இருந்துச்சு. தலைக்கு மேல யாருமே இல்ல, வெறும் வானம். அம்மா செத்த அன்னைக்கு அப்படி இருந்துச்சு. அதுக்கு அப்புறம் இன்னைக்குத்தான். அன்னைக்கு அந்தப் பத்து வயசுப் பிள்ளையை இடுப்புல தூக்கிட்டுப் போயி, சோறு போட்டு, தலை வாரி விட்டது யாருன்னு இப்போ ஞாபகம் வந்துச்சு. பதிமூணு வயசு நாச்சியாதான். இத்தனை வருஷமா ஊஞ்சலை மட்டும் ஞாபகம் வச்சிருந்தா, அதை வச்சுக்கலை.

பாக்குவெட்டி கையில இருந்து ணங்குன்னு கீழ விழுந்துச்சு. "நீ ஒண்ணும் என்னைக் கூப்பிட வேணாம்"னு சொல்லிட்டு, கயித்தைத் திருப்பி உறியில வச்சுட்டு, அழுதுக்கிட்டே வீட்டுக்கு ஓடிட்டா. அன்னைக்கு மோர் குடிக்கலை.

அப்போ செவ்வந்தின்னு பேர் வைக்கச் சொல்லிக் கேட்டாளான்னா, கேக்கலை. பாக்குவெட்டியோட போனவ எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேப்பா?

மறுநாள் விடிஞ்சுச்சு. டும் டும் டும்னு மேளம். மணை போட்டாச்சு. நாச்சியா உட்கார்ந்தா. பிள்ளையை அவ மடியில வச்சாங்க. குருவம்மா ஒரு தூணுக்குப் பின்னாடி முந்தானையை வாயில வச்சுக்கிட்டு நிக்குறா. இப்போ 'நாச்சியா'ங்கப் போறான்னு காத்துக்கிட்டு இருக்கா.

நாச்சியா பிள்ளையைப் பார்த்தா. தூணைப் பார்த்தா. "பேர் வைக்குறது என் இஷ்டம்தானே?"ன்னு வைரவனைக் கேட்டா.

"உங்க இஷ்டம்தான் பெரியாத்தா."

"அப்படின்னா என் இஷ்டம் என்னன்னா, இவளைக் கேக்கணும். ஏ குருவு, இங்க வாடி. உன் கொள்ளுப்பேத்திக்கு என்ன பேரு?"

வைரவன் பதறிட்டாரு. "வீட்டுக்காரங்க சொல்லக் கூடாதே பெரியாத்தா, வழக்கம் இல்லையே."

"என்னது?" நாச்சியா காதுக்குப் பின்னாடி கையை வச்சுக்கிட்டா. "நீ என்ன சொல்றேன்னு கேக்கலைப்பா. எனக்குக் காது மந்தம்."

யாருக்கு? நாலு வீடு தள்ளி முணுமுணுத்தா கேக்குற பாம்புக் காதுக்காரிக்குக் காது மந்தமாம். ஊருக்கே தெரியும். ஒருத்தரு வாயைத் திறக்கலை. வயசாச்சுன்னா இது ஒரு சௌகரியம், வேணும்னப்போ காது கேக்காது. வைரவன் மூணு தடவை சொல்லிப் பார்த்தாரு, "என்னது? என்னது?"ங்குறா. விட்டுட்டாரு.

குருவம்மா வந்து மணைக்குப் பக்கத்துல மண்டி போட்டா. நாச்சியா மடியில பிள்ளை, இந்தப் பக்கம் நாச்சியா காது. நாச்சியா காதுல சொல்லணும்னா பிள்ளைக்கு மேலதான் குனியணும்.

"என்னடி பேரு?"

குருவம்மா வாயைத் திறந்தா. என்ன வந்துச்சு தெரியுமா?

"செவ்வந்திக்கா."

'ஆமாக்கா', 'இல்லக்கா', 'வரேங்க்கா'ன்னு எல்லாரும் சொல்லுவாங்கல்ல, அப்படி. எழுபத்து மூணு வருஷமாப் பூட்டி வச்சது பேரோட ஒட்டிக்கிட்டுத் தானா வந்துடுச்சு. சொன்ன அப்புறம்தான் அவளுக்கே தெரியுது. கையால வாயைப் பொத்திக்கிட்டா. மேளக்காரன் கூட வாயைப் பிளந்துட்டான்.

நாச்சியா முகத்துல அசைவே இல்ல. "என்னது? விழலைடி. இன்னொரு தரம்."

"செவ்வந்திக்கா."

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

"செவ்வந்திக்கா!" மூணாவது தடவை குருவம்மா கத்தியே சொன்னா. சிரிக்குறாளா அழுவுறாளான்னு ஊருக்குத் தெரியலை. பிள்ளை முழிச்சுக்கிட்டு அவ வாயையே பார்க்குது. அப்போ பிள்ளை காதுல முதல்ல யாரு குரல் விழுந்துச்சு?

"குருவம்மா குரல்."

அதேதான். அப்புறம் நாச்சியா குனிஞ்சா. பிள்ளை காதுகிட்ட வாயை வச்சு, "செவ்வந்திக்கா, செவ்வந்திக்கா, செவ்வந்திக்கா"ன்னு மூணு தடவை சொல்லிட்டு நிமிர்ந்தா.

வைரவன் கிட்ட வந்து மெதுவா, "பெரியாத்தா, பேரு செவ்வந்தி மட்டும்தானே? அந்த 'அக்கா' உங்களைக் கூப்பிட்டது இல்லையா?"ன்னாரு.

"எனக்கு என்ன கேட்டுச்சோ அதைச் சொன்னேன். மூணு தடவை சொன்னது சொன்னதுதான். மாத்த முடியுமா?"

எங்க மாத்துறது? பிள்ளை பேரு செவ்வந்திக்கான்னே ஆயிடுச்சு. அன்னைக்கு இருந்து ஊர்ல எல்லாரும், மீசை நரைச்சவங்க, கூன் விழுந்தவங்க, வைரவன், எல்லாரும் அந்தத் தொட்டில் பிள்ளையை 'செவ்வந்திக்கா, செவ்வந்திக்கா'ன்னுதான் கூப்பிட்டாங்க. தினம் காலையில தடக் தடக்குன்னு குச்சிச் சத்தம் வரும். நாச்சியா வந்து தொட்டிலுக்கு மேல குனிவா. பொக்கை வாயைத் திறந்து, "அக்கா, செவ்வந்திக்கா, எந்திரிச்சாச்சா? இந்தத் தங்கச்சியை ஞாபகம் இருக்கா?"ன்னு கேப்பா. பிள்ளை "ங்ங்ங்"குன்னு சொல்லும். அது 'ஏ கழுதை, சாப்பிட்டியா'ன்னு கேட்டதா நாச்சியா வச்சுக்குவா.

ஊருக்கே பெரியவளுக்கு ஒரு அக்கா கிடைச்சுட்டா.

குருவம்மா வாசல்ல நின்னு இதையெல்லாம் பார்த்துக்கிட்டே இருந்தா. ஒரு நாள், ரெண்டு நாள். மூணாம் நாள் அவளுக்கு ஒண்ணு தோணுச்சு. இடுப்புல கையை வச்சுக்கிட்டு நாச்சியா முன்னாடி வந்து நின்னா.

"இந்தாக்கா, உனக்கு எத்தனை அக்கா?"

"ஒண்ணு. செவ்வந்திக்கா."

"எனக்கு ரெண்டு. அதுவும், நீயும்."

நாச்சியா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தா. திரும்பவும் எண்ணிப் பார்த்தா. ரெண்டுதான். அவளுக்கு முகம் சுருங்கிப் போச்சு. எந்திரிச்சு, தடக் தடக்குன்னு அவ வீட்டுக்குப் போனா. போயி ஒரு சொம்பு மோர் மொண்டு, மடக் மடக் மடக்.

அவ்வளவுதான். கயித்துல முடிச்சு விழுந்தாச்சு, கண்ணைச் சாத்து.

நாளைக்குப் பாட்டிக்குப் போன் பண்ணினா, நாலு நாள் வேணாம், இன்னும் எட்டு நாள் அக்காகூட இருந்துட்டு வரட்டும்னு சொல்லிடு. நான் சொன்னேன்னு சொல்லாதே.

ஏ கழுதை. தாத்தா கதை எப்படி? பாட்டி கதையைவிட நல்லா இருந்துச்சுல்ல?

'ம்' கொட்டு.

ம்? பார்த்தியா, இதுக்கு மட்டும் வராதே.